நம்ம ஊர்ச் சொல்தானே என்று நினைத்தேன்

மொத்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய், ஏழு மாதம், கைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு பதவி உயர்வு. எல்லாம் போனது ஒரே ஒரு சொல்லால். அது கெட்ட வார்த்தை இல்லை, நான் யாரையும் திட்டவும் இல்லை. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிற எவரும் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிச் சிரிக்கிற சொல்தான். கூலி.

2018 பிப்ரவரியில் எங்கள் நிறுவனம் என்னைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு அனுப்பியது. அங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய மென்பொருளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் வேலை, பதினெட்டு மாதம். கிளம்பும் முன் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ராத்திரி தனியாக நடக்காதே, சிக்னலில் நிற்கும்போது போனை வெளியே எடுக்காதே, ஏ.டி.எம்.மில் யாராவது உதவி செய்ய வந்தால் கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடு. ஊறுகாய் எத்தனை பாக்கெட் எடுத்துப்போகலாம் என்பது வரைக்கும் சொன்னார்கள். பேச்சைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஒரு சீனியர் மட்டும் டீ குடிக்கும்போது, "அங்க கறுப்பு மக்களை ஒரு மாதிரி சொல்லுவாங்க, அதை மட்டும் தப்பித் தவறிக்கூடச் சொல்லிடாத" என்றார். அவர் சொன்னது காஃபிர் என்ற சொல்லை. நம்பிக்கை இல்லாதவன் என்ற பொருளுள்ள அரபுச் சொல், அங்கே போய் நிறவெறியின் உச்சபட்ச வசையாக ஆகிவிட்டது. நான் போய் இறங்கிய அடுத்த மாதமே ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுப்பினக் காவலர்களை அந்தச் சொல்லால் திரும்பத் திரும்பத் திட்டியதற்காக மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார், அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. செய்தியைப் படித்தபோது, நமக்கு இதெல்லாம் சம்பந்தமில்லை என்று பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

டர்பனில் என்னைக் கவிழ்த்தது அந்த ஊரின் நெருக்கம்தான். அலுவலகக் கதவுகளில் பிள்ளே, நாயுடு, மூட்லி, படையாச்சி என்று பெயர்ப் பலகைகள். ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றித் தரும் பன்னி சவ், மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில், ஆடி மாதத்தில் கூழ். தமிழ் பேசத் தெரியாதவர்கள்கூட எதிரே வந்தால் 'வணக்கம்' என்பார்கள். வேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் எல்லோரும் திடீரென்று இங்கிலீஷ் பேச ஆரம்பித்துவிட்ட மாதிரி இருக்கும். நம்ம ஆட்கள் என்று மனம் தளர்ந்துவிட்டது. மனம் தளர்ந்தால் வாயும் தளரும்.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பில் திட்டத்தைக் கவனித்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அவருடைய குடும்பம் ஐந்து தலைமுறையாக அந்த ஊரில் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது, மேடம் என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது அக்கா ஆனார். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்ட அறையில் பதினோரு பேர். சனி ஞாயிறு இரண்டு நாளும் யாராவது இருந்து தரவுகளை மாற்ற வேண்டும், முடியுமா என்று அவர்களின் தலைமை அதிகாரி கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "டோன்ட் வொர்ரி, வீ ஆர் ஐ.டி. கூலீஸ், வீ வில் டூ இட்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன் என்று இப்போதும் தோன்றுகிறது. புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அக்காவைக் கையால் காட்டி, "ஷீ இஸ் தமிழ், ஷீ நோஸ். வீ ஆர் ஆல் கூலீஸ் ஹியர்" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த இளம் பெண் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அக்கா லேப்டாப்பை மூடினார். சத்தம் வராமல், இரண்டு கையாலும், மெதுவாக. எழுந்து போய்விட்டார். தலைமை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நான் உட்கார்ந்திருந்தேன், என்ன நடந்தது என்று தெரியாமல்.

திங்கட்கிழமை காலை என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. கேட்டில் நிற்கும்போதே மின்னஞ்சல் வந்தது. இனரீதியான இழிசொல் பயன்படுத்தியதாகப் புகார், விசாரணை முடியும் வரை அலுவலகத்துக்கு வர வேண்டாம். புகார் கொடுத்தது அக்கா இல்லை, அறையில் இருந்த வேறு மூன்று பேர். அதில் ஒருவர் ஜூலு, அந்தப் பகுதியின் கறுப்பின மக்களில் ஒருவர். அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. இந்தியர்களைப் பற்றிய சொல்லுக்கு அவருக்கு ஏன் கோபம் வர வேண்டும்?

அடுத்த இரண்டு நாளில் நான் செய்த மூன்று காரியங்களும் தப்பு. இந்த மாதிரி நிலையில் மாட்டுகிறவர் எவரும் முதலில் செய்யத் துடிப்பது இவற்றைத்தான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். முதல் தப்பு, அன்று ராத்திரியே அக்காவுக்கு வாட்ஸாப்பில் பதினாலு வரி அனுப்பினேன். தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்கான காசு மட்டும்தான், திருவள்ளுவரே 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று எழுதியிருக்கிறார், என் தாத்தா விவசாயக் கூலி, அதில் எனக்கு வெட்கம் இல்லை, இப்படிப் போகிறது. கடைசி வரியில்தான் மன்னிப்பு. அதுவும் 'மனம் புண்பட்டிருந்தால்' என்ற இழுவையோடு. இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. விசாரணைக் கோப்பின் மூன்றாம் பக்கத்தில் அந்தச் செய்தியை அச்சடித்து வைத்திருந்தார்கள். ஆகவே, புகார் என்று எழுத்தில் வந்துவிட்டால் சம்பந்தப்பட்டவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பாதீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் விசாரிப்பவர் மூலமாக, எழுத்தில், நாலு வரிக்குள் கேளுங்கள். அதில் அகராதிப் பாடம் வேண்டாம்.

இரண்டாவது தப்பு, எங்கள் அணியில் இருந்த ஆறு பேரையும் போனில் கூப்பிட்டு, நான் விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று சாட்சி சொல்லுங்கள் எனக் கேட்டது. சாட்சிகளைக் கலைக்கப் பார்த்ததாக அது தனிக் குற்றச்சாட்டாகவே சேர்ந்தது. மூன்றாவது, வேலைக் குழுவில் நான் முன்பு எழுதியிருந்த 'கூலி' நகைச்சுவைகளை உட்கார்ந்து அழித்தது. அழித்ததற்கும் தடயம் இருக்கிறது. அதற்குப் பதிலாக அன்று மாலையே ஒரு தாளில், எத்தனை மணிக்கு, யார் யார் இருந்தார்கள், எந்தச் சொற்களில் சொன்னேன் என்று உள்ளது உள்ளபடி எழுதி வைத்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கேட்டபோது, சொன்னது ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதில் நானே உளறினேன்.

விசாரணைக்கு மூன்று வாரம் ஆனது. டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் கடல் தெரியும் ஃபிளாட்டில் ஒரு மனிதன் மூன்று வாரம் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வான்? படித்தேன். முதலில் என் பக்கம் நியாயம் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தின் 'கூலி' எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. நம் தமிழ்க் கூலிதான் என்று ஒன்று, குஜராத்தின் கோலி சமூகத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்று இன்னொன்று. போர்த்துக்கீசியர் காலத்திலேயே ஐரோப்பியர் வாயில் புழங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். தமிழ்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு விஷயம் உறுத்தியது. தமிழில் கூலி என்பது காசு. அதை வாங்குகிறவர் கூலிக்காரர், கூலியாள். காசுக்கு ஒரு பெயர், மனிதனுக்கு ஒரு பெயர். அந்தக் காசை உயர்த்திக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள் என்றாலும், கேட்கிறவனுக்கு அது உரிமையின் சொல். வெள்ளைக்காரன் அந்தக் காசின் பெயரை எடுத்து ஆளின் நெற்றியில் ஒட்டிவிட்டான். அப்புறம் அந்த ஆளின் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டினான்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1834இல் மொரீஷியஸுக்கும், 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845இல் டிரினிடாடுக்கும், 1879இல் ஃபிஜிக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். டர்பனுக்கு முதல் கப்பல் வந்தது 1860 நவம்பர் 16. ட்ரூரோ என்ற அந்தக் கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு வந்தது. 1911 வரைக்கும், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு மட்டும் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம், ஆரம்பச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால், பின்னாளில் வருடத்துக்கு 3 பவுண்டு தலைவரி. சீனாவிலிருந்தும் இதே மாதிரி கூட்டிப்போனார்கள். 1862இல் கலிஃபோர்னியாவில் சீனர்களைக் குறிவைத்துப் போட்ட வரிச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயரே கூலி எதிர்ப்புச் சட்டம்.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் பகுதியின் 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தில் 'கூலிகள் எனப்படுவோர்' என்றே அச்சில் இருக்கிறது. வசவு அங்கே சட்டத்தின் மொழியாகிவிட்டது. அதன்படி இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது, ஒதுக்கிய இடத்துக்கு வெளியே நிலம் வாங்க முடியாது. ஜோகன்னஸ்பர்கில் அவர்களை ஒதுக்கிவைத்த பகுதிக்குப் பெயரே 'கூலி லொக்கேஷன்'. 1893இல் டர்பனில் வந்து இறங்கிய காந்தி 'கூலி பாரிஸ்டர்', வியாபாரம் செய்தவர் 'கூலி வியாபாரி' என்று சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். வக்கீலுக்குப் படித்தாலும் நீ கூலிதான் என்பதுதான் அந்தச் சொல்லின் முழு அர்த்தம். அங்கே இந்தியர்களுக்கு இன்னொரு பெயர் 'சாமி'. நம் ராமசாமி, முனுசாமியின் வால். அதைப் பற்றியும் காந்தி எழுதுகிறார். கொஞ்சம் சாமர்த்தியமான ஆள், "என்னைச் சாமி என்கிறாயே, சாமி என்றால் எஜமான், நான் உன் எஜமான் இல்லையே" என்று திருப்பிக் கேட்பானாம். அந்த வரியைப் படித்துச் சிரித்தேன். மூன்று வாரத்தில் சிரித்த ஒரே தடவை அதுதான்.

ஜூலுக்காரருக்கு ஏன் கோபம் வந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. ஜூலுவில் இந்தியர்களை இழிவாகச் சொல்லும் 'அமகூலா' இதே சொல்லிலிருந்து போனது. 2011இல் ஆளுங்கட்சியின் இளைஞர் அணித் தலைவர் மேடையில் அப்படிச் சொல்லிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. தன் இனத்துக்காரர் வாயில் அந்தச் சொல் வந்தால் அதட்டுகிற மனிதர், என் வாயில் வந்தால் மட்டும் சும்மா இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

நிறவெறி ஆட்சியில் 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்தது. டர்பனில் அப்படி உருவாக்கி இந்தியர்களைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம்தான் சாட்ஸ்வொர்த். அக்கா வளர்ந்தது அங்கேதான். நான் முன்பு கூழ் குடிக்கப் போனதும் அங்கேதான். அந்த ஊரின் மேட்டையும் பள்ளத்தையும் வரிசை வீடுகளையும் பார்த்து, "அட, நம்ம ஹவுசிங் போர்டு மாதிரியே இருக்கே" என்று வாய் விட்டுச் சொல்லியிருந்தேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

விசாரணை நாலு மணி நேரம் நடந்தது. இங்கிருந்து போகிற யாருக்கும் அதிகம் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஒழுங்கு விசாரணைக்குப் போகும் ஊழியர், உடன் வேலை செய்பவர் ஒருவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். எதிரே நாலு பேர். பாதிக் கேள்விகளின் உள்ளர்த்தம் எனக்குப் பிடிபடவே இல்லை. நேரடியாக அந்த நாட்டு நிறுவனத்தில் வேலையில் இருப்பவர்கள், வேலை போனால் 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ. என்ற சமரச ஆணையத்திடம் போக வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல இந்தியச் சம்பளத்தில் போனவர்கள் கதை வேறு. விசா நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நிறுவனம் கையை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயத்தில் 4,500 ராண்ட் (அந்த நாட்டுப் பணம்) கொடுத்து ஒரு வழக்கறிஞரையும் பார்த்தேன். இந்த நாட்டில் மனிதரின் கண்ணியத்தைக் குலைப்பதே கிரிமென் இஞ்சூரியா என்ற குற்றம், 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி சமத்துவ நீதிமன்றத்துக்கும் போகலாம் என்று விளக்கினார். உள்நோக்கத்தோடு இழிவுபடுத்தினாயா என்பதுதான் குற்ற வழக்கில் கேள்வி, உன் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனால் 'நானும் இந்தியன்தான்' என்ற வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகாதே" என்றார். அவருடைய பெயரும் 'பிள்ளே'தான். அந்த வாதத்தைத்தான் நான் முந்தின வாரமே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதில் என்ன ஓட்டை என்று அவர் சொல்லித்தான் புரிந்தது. அவர்கள் முன்னோர் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு தோட்டத்தில் இருந்தபோது என் முன்னோர் அங்கே இல்லை. கப்பலேறாதவன் பேரன் விமானத்தில் வந்து, மாதாந்திரப் படி வாங்கிக்கொண்டு, வீ ஆர் ஆல் கூலீஸ் என்கிறான்.

முடிவு இப்படி வந்தது. உள்நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் திட்டத்தில் தொடர முடியாது. என் நிறுவனம் ஒன்பது நாளில் திரும்பி வரச் சொன்னது. அந்த அவசரத்தில்தான் பணம் கரைந்தது. ஃபிளாட்டுக்கு மாதம் 11,000 ராண்ட் வாடகை, ஒரு வருட ஒப்பந்தம். அங்கே வாடகைதாரர் பொதுவாக 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால் ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொள்ளலாம், வீட்டுக்காரர் நியாயமான அபராதம்தான் கேட்க முடியும். அட்டை முடங்கிய அன்றே நான் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். நல்லபடியாக முடிந்துவிடும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் முன்பணமும் இன்னொரு மாத வாடகையும் போய் 22,000 ராண்ட் காலி. அப்போது ஒரு ராண்ட் ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, ஆக 1,07,000 ரூபாய். பழைய கார் ஒன்றை 62,000 ராண்டுக்கு வாங்கியிருந்தேன். நாலே நாளில் விற்றதால் 45,000தான் தேறியது, நஷ்டம் 82,000 ரூபாய். வழக்கறிஞருக்கு 22,000 ரூபாய். வருடக் கடைசி போனஸ் 1,40,000 போனது. சென்னையில் ஏழு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பிடித்த ஊக்கத்தொகை 79,000. பெஞ்ச் என்றால் தெரியாதவர்களுக்கு: வேலை கொடுக்காமல், தினமும் காலையில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்வது. கேன்டீனில் என்னைப் பார்த்தால் "என்ன, கூலி பாஸ்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பணத்தைவிட அதிகமாக வலித்தது என்று சொன்னால் பொய், பணமும் நன்றாகவே வலித்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தார். விசாரணை முடிந்துவிட்டதால் இனிப் பேசலாம், வீட்டுக்கு வா என்றார். போனேன். டீயும் பிஸ்கட்டும் வைத்தார். அவர் அப்பா சந்தையில் காய்கறி விற்றவர். ஐம்பது வயது மனிதரை, பதினைந்து வயது வெள்ளைக்காரப் பையன் "ஏய் சாமி" என்றுதான் கூப்பிடுவானாம். பேரம் படியாவிட்டால் சாமி, கூலி ஆகிவிடும். சிறுமியான அக்கா பக்கத்தில் நின்று எடைக்கல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாராம். "நீ அன்றைக்குக் கையைக் காட்டிச் சொன்னபோது எனக்கு அந்தத் தராசுதான் தெரிந்தது" என்றார் ஆங்கிலத்தில்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டர்பன் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த, அவர் கொள்ளுப் பாட்டி வந்த கப்பலின் ஆள் பட்டியல் நகல். சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி. ஐந்து இலக்க எண், பெயர், அப்பா பெயர், வயது 19, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம், பாதி அழிந்துபோன ஒரு கிராமத்தின் பெயர், இடது முழங்கையில் தழும்பு. என் அம்மாவின் ஊர் குடியாத்தம் தாலுகாதான். வயதுக்கு அடுத்த கட்டத்தில் விரலை வைத்து அக்கா கேட்டார். "இங்கே 'பறையா' என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு எல்லோரும் ஒதுக்கித் தள்ளியவன் என்று அர்த்தம். பாட்டி ஊரில் ஏதாவது தப்புச் செய்துவிட்டு வந்தாளா? வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்."

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. அது சாதிக்கான கட்டம், தப்புக்கான கட்டம் இல்லை என்றேன். பறை அடிப்பவர்களின் பெயரிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல் அது, ஒதுக்கியவர்கள் வேறு ஆட்கள் என்றேன். அப்புறம், அது என் சாதியும்தான் என்றேன். ஆங்கிலச் செய்தியில் ஏதாவது ஒரு நாட்டை அந்தச் சொல்லால் குறிப்பிடும்போதெல்லாம், வாசிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அடுத்த இரண்டு நிமிடம் என்ன செய்தி என்றே காதில் விழாது என்றும் சொன்னேன்.

அக்கா தாளை உறைக்குள் வைத்தார். "அப்போ உனக்குத் தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இனி வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு. தென்னாப்பிரிக்கா மட்டும் இல்லை, கயானா, டிரினிடாட், ஜமைக்கா, ஃபிஜி என்று எங்கே போனாலும், டொரன்டோவிலோ நியூயார்க்கிலோ கரீபியன் இந்தியர்களோடு வேலை செய்தாலும், இந்தச் சொல்லை உங்களைப் பற்றிக்கூடச் சொல்லாதீர்கள். ஐ.டி. கூலி, சைபர் கூலி, கோடிங் கூலி எல்லாம் தாம்பரத்தோடு நிற்கட்டும். அந்த மக்களில் சிலர் அதைத் தாங்களே எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பேசுவதைக் கேட்பீர்கள். மொரீஷியஸ் கவிஞர் கால் தோராபுல்லி 'கூலிட்யூட்' என்று அதை ஒரு இலக்கியக் கோட்பாடாகவே ஆக்கியிருக்கிறார். அது அவர்கள் வீட்டு விஷயம், நமக்கு அதில் பங்கு கிடையாது. ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவரைக் கூலி என்று கூப்பிடக்கூடாது என்று நம் ரயில்வே 2016 பட்ஜெட்டிலேயே 'சகாயக்' என்று மாற்றியது. நாம்தான் மாறவில்லை. தாய்லாந்துச் சமையலுக்குப் போடும் எலுமிச்சை இலையைக்கூட 'காஃபிர் லைம்' என்று டர்பன் கடையில் கேட்காதீர்கள், மக்ரூட் என்றால் எடுத்துத் தருவார்கள். கூட்டத்தில் சிரிப்பு வராமல் அமைதி விழுந்தால், புரியவில்லை என்று நினைத்து விளக்கப் போகாதீர்கள். நன்றாகவே புரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே, "தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடுங்கள்.

பயிற்சித் துறைக்கு எழுதி, புதிதாகப் போகிறவர்களுக்கு இதை ஒரு பக்கமாகச் சேர்க்கச் சொன்னேன். "அது நம்ம வேர்டுதானே, அதுல என்ன ப்ராப்ளம்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஜூனில் மூன்று பேர் டர்பனுக்குக் கிளம்பினார்கள். அவர்களைக் கேன்டீனில் உட்கார வைத்து நானே சொன்னேன். அதில் ஒரு பையன் போனில் குறித்துக்கொண்டான், மற்ற இருவரும் என் கதையைக் கேட்டதில் கிடைத்த சுவாரசியத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

அக்கா அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பாட்டியின் ஊர் எது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். குமாஸ்தாவின் எழுத்தை வைத்துப் பார்த்தால் குடியாத்தம் பக்கம் இரண்டு ஊர்கள் பொருந்துகின்றன. ஒன்றுக்குப் போய், தேரடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் விசாரித்தேன். அப்படி யாரும் கப்பலேறினதாகக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஊர்ப் பக்கம் போய் ஏண்டா கேக்கற, காலனியில கேளு" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.